வெல்டர் டிரேடு படிக்கிற பையனுக்கு ரோபோவால் வேலை போகுமா?

கேள்வியை முதலில் ஒரு தடவை எடுத்து வைத்துக்கொள்கிறேன். உங்கள் மகன் பத்தாவது முடித்து ஐடிஐயில் வெல்டர் டிரேடு சேர்ந்திருக்கிறான். சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் சொந்தக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, "கார் கம்பெனியில எல்லாம் ரோபோதான் வெல்டிங் அடிக்குது, இவன் படிச்சு முடிக்கிறதுக்குள்ள வெல்டர்னு ஒரு வேலையே இருக்காது" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போயிருக்கிறார். அன்றிலிருந்து உங்களுக்குத் தூக்கம் இல்லை. இந்த ரோபோ எப்போது வந்தது, எதற்கு வந்தது, இன்னும் எவ்வளவு தூரம் போகும் என்று மூன்று கேள்வி. கடைசியில், மூன்று மாத ரோபோ புரோகிராமிங் கோர்ஸ் என்று விளம்பரம் வருகிறதே, சேர்க்கலாமா என்று ஒரு வரி. இத்தனையும் சேர்த்து நீங்கள் கேட்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: கையால் செய்கிற தொழிலை நம்பிப் பிள்ளையை விட்டது தப்பா?

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், எதை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துகொள்ள. டிப்ளமோ படித்தவன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார் பாடி ஷாப்களிலும் உதிரிபாகம் செய்யும் கம்பெனிகளிலுமாக இருபத்திரண்டு வருடம் ரோபோ மெயின்டனன்ஸும், ரோபோவுக்கு வேலை சொல்லிக் கொடுக்கும் டீச்சிங்கும் செய்திருக்கிறேன். வெல்டிங் ரோபோ பற்றி நான் சொல்வது கையில் எண்ணெய் பட்டுத் தெரிந்துகொண்டது. வேலைவாய்ப்பு, பொருளாதாரம் பற்றிச் சொல்வது ஆய்வாளர்கள் எழுதியதைப் படித்துத் தெரிந்துகொண்டது. ஆஸ்பத்திரி ரோபோ, குடோன் ரோபோ பக்கம் நான் போகவில்லை. அது என் ஏரியா இல்லை.

சொந்தக்காரர் சொன்னதில் பாதி சரி. ஒரு காரின் பாடியில் மூவாயிரத்திலிருந்து ஐயாயிரம் ஸ்பாட் வெல்டு இருக்கும். இரண்டு தகட்டை மேலும் கீழும் செம்பு முனையால் கவ்வி, பத்தாயிரம் ஆம்பியர் அளவுக்கு மின்சாரத்தை ஒரு நொடிக்கும் குறைவாகப் பாய்ச்சினால் நடுவில் ஒரு பொட்டு உருகி ஒட்டிக்கொள்ளும். அதுதான் ஸ்பாட். பெரிய கார் ஆலைகளில் இந்த வேலை ரோபோ கைக்குப் போய் ரொம்ப நாளாகிறது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது, மேலே கம்பியில் தொங்கும் கனமான வெல்டிங் கன்னை இரண்டு கையாலும் இழுத்து இழுத்து ஆட்கள் அடித்த லைன்கள் இருந்தன. ஷிப்டு முடிந்து போகும்போது தோளைப் பிடித்துக்கொண்டேதான் பஸ் ஏறுவார்கள். சட்டையெல்லாம் பொறி விழுந்து சல்லடைக் கண்ணாக இருக்கும். அந்த வேலை திரும்பி வராது. வர வேண்டும் என்று அதைச் செய்த ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனால் அங்கே கன் பிடித்தவர்கள் வெல்டர்கள் இல்லை. நாலு நாள் பழகினால் யாரும் ஸ்பாட் அடிக்கலாம். அமுக்கு, விடு, அடுத்தது. உங்கள் பையன் படிக்கிற ஆர்க், கேஸ், மிக், டிக் வெல்டிங் வேறு ஜாதி. அதில் கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். சொந்தக்காரர் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார். அதற்காக மிக் வெல்டிங்கில் ரோபோ இல்லை என்று சொல்ல வரவில்லை. சீட் ஃபிரேம், சைலன்சர், சேஸிஸ் பிராக்கெட் போல ஒரே சாமானை லட்சக்கணக்கில் செய்கிற இடத்தில் அங்கேயும் ரோபோதான். எங்கே வரும், எங்கே வராது என்று புரிந்துகொள்ள அது பிறந்த கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நாம் இன்று பயப்படுகிற சாமானுக்கு வயது அறுபது தாண்டிவிட்டது. அமெரிக்காவில் ஜார்ஜ் டெவால் என்பவர் 1954-இல், சொல்லிக் கொடுத்த வேலையை ஞாபகம் வைத்துத் திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு இயந்திரக் கைக்குப் பேடன்ட் கேட்டு மனுப் போட்டார். அது 1961-இல் கிடைத்தது. நடுவில் 1956-இல் ஒரு விருந்தில் ஜோசப் எங்கெல்பெர்கர் என்ற எஞ்சினியர் அவரைச் சந்தித்தார். இரண்டு பேரும் சேர்ந்து செய்த கைக்குப் பெயர் யூனிமேட். ஹைட்ராலிக்கில் ஓடும், ஒரு டன்னுக்கு மேல் எடை. 1961-இல் நியூஜெர்சி மாநிலத்தில் யூயிங் என்ற இடத்தில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் அது வேலைக்குச் சேர்ந்தது. அங்கே அதற்குக் கொடுத்த முதல் வேலையைக் கவனியுங்கள். டை காஸ்டிங் மெஷினிலிருந்து கொதிக்கக் கொதிக்க வெளியே வரும் வார்ப்பை எடுத்து அந்தப் பக்கம் வைப்பது. மனுஷன் செய்தால் சுடும், புகை நெஞ்சை அடைக்கும், அசந்தால் கை போகும். இன்னொன்றும் உண்டு, இதுதான் முக்கியம்: சாமான் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில், அதே நேரத்தில், அதே மாதிரி வந்து நிற்கும். கண் தெரியாத ஒரு இயந்திரத்துக்கு இதைவிடத் தோதான வேலை கிடைக்காது.

இடையில் ஒரு சின்ன விஷயம். ரோபோ என்ற வார்த்தை அதற்கும் நாற்பது வருடம் முன்பே, 1920-இல் செக் எழுத்தாளர் காரெல் சாபெக் எழுதிய ஒரு நாடகத்தில் வந்துவிட்டது. செக் மொழியில் 'ரொபோட்டா' என்றால் நிலவுடைமைக்காரருக்குக் கூலியில்லாமல் கட்டாயமாகச் செய்யும் உழைப்பு. நம் சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று வருகிறதே, கிட்டத்தட்ட அதே அர்த்தம். பெயர் வைத்தவர் தெரிந்துதான் வைத்திருக்கிறார்.

சரி, கார் ஆலைக்கு வருவோம். 1970 வாக்கில் ஒஹையோ மாநிலம் லார்ட்ஸ்டவுனில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் ஸ்பாட் வெல்டிங்குக்கு யூனிமேட்டுகளை வரிசையாக நிறுத்தினார்கள். லைன் வேகம் மணிக்கு நூறு கார். அதாவது 36 நொடிக்கு ஒன்று. 1972-இல் அங்கே பெரிய ஸ்டிரைக் நடந்தது. ரோபோவை உடைக்க வேண்டும் என்று யாரும் கிளம்பவில்லை. ஆளைக் குறைத்துவிட்டு, மிச்சம் இருந்தவர்களை அந்த வேகத்துக்கு ஓட வைத்தார்கள் என்பதுதான் கோபம். பெரும்பாலும் இளவட்டங்கள். ரோபோ வந்தால் வேலை போகும் என்று மட்டும்தான் எல்லோரும் பேசுகிறார்கள். வேலை போகாமல் பக்கத்தில் நிற்பவனுக்கு என்ன ஆகும் என்று பேசுவதில்லை. நான் பார்த்த லைன்களிலும் ரோபோவுக்கு சாமான் ஏற்றி இறக்கும் ஆள்தான் ரொம்பப் பாவம். முன்பெல்லாம் அவன் வேகத்துக்கு மெஷின் ஓடியது. இப்போது மெஷின் வேகத்துக்கு அவன். தண்ணீர் குடிக்கப் போவதற்குக்கூட ரிலீவர் வர வேண்டும்.

ஜப்பான் கதை வேறு மாதிரி. கவாசாகி கம்பெனி 1968-இல் யூனிமேட் செய்ய உரிமம் வாங்கி, அடுத்த வருடமே சொந்தமாகச் செய்து விற்க ஆரம்பித்தது. அங்கே அப்போது ஆலைகளுக்கு ஆள் கிடைக்கவில்லை. கிடைத்த ஆளையும் பெரிய கம்பெனிகள் லேசில் வெளியே அனுப்புவதில்லை. அதனால் ரோபோ வந்தபோது பெரிய சண்டை இல்லை. ஒரே மெஷின், இரண்டு ஊர், இரண்டு விதமான முடிவு. மெஷினை மட்டும் பார்த்துவிட்டு ஜோசியம் சொல்கிறவர்களை நான் நம்பாததற்கு இதுதான் காரணம்.

இனி ரோபோ உண்மையில் என்ன செய்கிறது என்று பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் அது வெல்டிங் செய்கிறது என்று நினைக்கிறார்கள். அது செய்வது ஒரே காரியம்: சொன்ன புள்ளிக்குப் போகும். பத்தாயிரம் தடவை போனாலும் ஒரு தலைமுடி கனம்கூட விலகாது. அந்தப் புள்ளியைச் சொல்லிக் கொடுப்பதுதான் டீச்சிங். வேலிக்குள் போய், டீச் பென்டன்ட் என்ற கனமான ரிமோட்டை இடது கையில் பிடித்து, பின்பக்கம் இருக்கும் ஸ்விட்சை நடுத்தரமாக அமுக்கிக்கொண்டே, ரோபோ கையின் நுனியில் வெல்டு போடும் டார்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவோம். அந்த ஸ்விட்சை விட்டாலும் ரோபோ நிற்கும், பயந்துபோய் இறுக்கி அமுக்கினாலும் நிற்கும். பயத்தில் மனுஷன் இரண்டில் ஒன்றைத்தான் செய்வான் என்று தெரிந்து செய்திருக்கிறார்கள். நாம் உள்ளே இருக்கும்போது வேகம் நொடிக்கு 250 மில்லிமீட்டரைத் தாண்டாது. இந்தக் கட்டுப்பாடெல்லாம் சும்மா வரவில்லை. 1979 ஜனவரி 25 அன்று மிச்சிகனில் ஃபிளாட் ராக் என்ற ஊரில், ஃபோர்டு வார்ப்பாலையில் ஒரு தொழிலாளியை இயந்திரக் கை பின்னாலிருந்து அடித்துக் கொன்றது. ரோபோவால் இறந்த முதல் ஆள் என்று பதிவானவர் அவர்தான். பையன் எங்கே வேலைக்குப் போனாலும், பவரை அணைத்துப் பூட்டுப் போட்டு சாவியைத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளாமல் வேலிக்குள் கால் வைக்கக் கூடாது என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

புள்ளிக்குப் போகும் என்றேன். சாமான் அந்தப் புள்ளியில் இல்லாவிட்டால்? அப்போதும் போகும். பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு ஒரு கம்பெனியில் பிராக்கெட் லைன் ஒன்று போட்டோம். மூன்று வாரம் அருமையாக ஓடியது. ஒரு நாள் காலையிலிருந்து வெல்டு இணைப்பை விட்டு ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி விழ ஆரம்பித்தது. பார்க்க என்னவோ அழகான வெல்டு, மீன் செதில் மாதிரி வரி வரியாக. ஆனால் இரண்டு தகட்டையும் சேர்க்காமல் ஒரே தகட்டின் மேல் கோலம் போட்டது போல உட்கார்ந்திருந்தது. நான் என் பாடத்தின்படி ரோபோவின் ஜீரோவை, அதாவது அது அளக்க ஆரம்பிக்கும் தொடக்க நிலையைப் பார்த்தேன், டார்ச் வளைந்திருக்கிறதா என்று பார்த்தேன், புரோகிராமைத் திரும்ப ஓட்டினேன். மதியம் வரை ஒன்றும் பிடிபடவில்லை. அந்த லைன் வருவதற்கு முன் அதே பிராக்கெட்டைக் கையால் அடித்துக்கொண்டிருந்த மூத்த வெல்டர் ஒருவர் அங்கே சாமான் ஏற்றும் வேலையில் இருந்தார். அவர் பார்க்கவே இல்லை, சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, "தம்பி, ரோபோ மேல தப்பு இல்ல. கேப் வந்திருக்கு, சத்தம் பொரியுது பாருங்க. பிரஸ்ல டையைப் பாருங்க" என்றார். போய்ப் பார்த்தால், தகட்டை அழுத்தி வளைக்கும் அச்சான டை தேய்ந்து, தகடு வளைய வேண்டிய அளவுக்கு வளையாமல் கொஞ்சம் விரிந்து வந்துகொண்டிருந்தது. கையால் அடித்த காலத்திலும் இப்படித் தகடு வரும். அவர் ஒன்றும் பேசாமல் டார்ச்சை அரை மில்லிமீட்டர் சாய்த்து, கொஞ்சம் நிதானமாக இழுத்து இடைவெளியை நிரப்பிவிடுவார். ஒருவருக்கும் தெரியாது. ரோபோ வந்த பிறகுதான் அவர் இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதே கம்பெனிக்குத் தெரிந்தது. அடுத்த மாதம் அவரை டீச்சிங் டீமில் எடுத்துக்கொண்டோம். பென்டன்டில் பட்டன் அமுக்க எனக்கு அவர் சிஷ்யன், வெல்டு பார்க்க நான் அவருக்கு.

இணைப்பைத் தானாகத் தேடிப் போகும் ரோபோ இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆர்க்கில் ஓடும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்து வழி பார்ப்பது, லேசர் கோடு போட்டுப் பார்ப்பது என்று பல வருடமாகவே உண்டு. வேலையும் செய்யும். காசும் கூடும், ரோபோவில் பழுதாகக்கூடிய பாகமும் கூடும். சில்லறை மாறுபாட்டை அது சமாளிக்கும். சாமானே ஒன்றுக்கு ஒன்று வேறாக இருந்தால் அதுவும் கையை விரித்துவிடும்.

இயந்திரம் தானாக வேலை செய்வது என்றால் தானாக நிற்பதும் அதில் சேர்த்தி என்று முதலில் பிடித்தவர்களில் ஜப்பானின் சகிச்சி டொயோடா ஒருவர். கார் கம்பெனியைத் தொடங்கியவரின் அப்பா. 1924-இல் வந்த அவர்களுடைய தானியங்கித் தறி, ஒரு நூல் அறுந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அதுவரை தறி பக்கத்தில் ஆள் நின்று கண்கொட்டாமல் பார்க்க வேண்டும். நின்றுவிடும் என்று தெரிந்த பிறகு ஒரே ஆள் பல தறியைப் பார்க்கலாம். இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி 1929-இல் அதன் உரிமையைப் பணம் கொடுத்து வாங்கியது. தறி செய்வதை உலகத்துக்கே சொல்லிக் கொடுத்த ஊர் ஜப்பானிடம் வாங்கியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நூல் என்றதும் என் அத்தை ஞாபகம் வருகிறது. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் வைண்டிங் பிரிவில் இருந்தார். நூல் அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும். விரலில் மாட்டிய ஒரு சின்னக் கருவியால் கண்மூடித் திறப்பதற்குள் போட்டுவிடுவார். கல்யாண வீட்டில் பூ கட்டும்போதுகூட அந்த விரல் தன்னால் அப்படியே சுழலும். அப்புறம் ஆட்டோகோனர் வந்தது. அறுந்த இரண்டு நுனியையும் காற்றை ஊதிப் பிரித்து முறுக்கி, முடிச்சே இல்லாமல் சேர்த்துவிடும். அத்தையை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. ரிட்டையர் ஆகும் வரை அதே மில்லில்தான் இருந்தார். ஆனால் அவர் போன இடத்துக்கு வேறு ஆள் எடுக்கவில்லை. அவருக்குப் பின்னால் போனவர்கள் இடத்துக்கும் எடுக்கவில்லை. பதினைந்து வருடத்தில் அந்தப் பிரிவு சத்தமில்லாமல் கால்வாசி ஆகிவிட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்ததும் கிட்டத்தட்ட இதேதான். ஜெர்மனியில் 1994-இலிருந்து 2014 வரைக்கான கணக்கை எடுத்துப் பார்த்த ஒரு ஆய்வில், ரோபோ வந்த ஆலைகளில் ஏற்கெனவே வேலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெளியே போகவில்லை. அதே கம்பெனியில் வேறு வேலைக்கு மாறினார்கள். உற்பத்தித் துறையில் குறைந்த வேலைகள் சர்வீஸ் துறையில் ஈடாகிவிட்டன. ஆனால் ஆலைக்குள் புதிதாக நுழையும் இளைஞர்கள் குறைந்தார்கள். அமெரிக்காவில் டேரன் அசெமோக்லுவும் பாஸ்குவால் ரெஸ்ட்ரெபோவும் 1990 முதல் 2007 வரை பார்த்ததில் முடிவு இன்னும் கசப்பு. ஆயிரம் தொழிலாளிக்கு ஒரு ரோபோ கூடினால் வேலையில் இருப்பவர்களின் விகிதம் 0.2 சதவீதப் புள்ளியும், கூலி 0.42 சதவீதமும் குறைந்ததாகக் கணக்கிட்டார்கள். இரண்டும் மதிப்புள்ள ஆய்வுகள். ஒன்று மற்றதைப் பொய்யாக்கவில்லை. ஜெர்மனியில் தொழிற்சங்கமும் பயிற்சி முறையும் வலு, அமெரிக்காவில் அப்படி இல்லை. உங்கள் பையனைப் பொறுத்தவரை இதில் உறைக்க வேண்டியது ஒன்றுதான்: வேலையில் இருப்பவனைவிட, வாசலில் நிற்பவனுக்குத்தான் ரோபோவால் பாதிப்பு. உங்கள் கவலை வீண் என்று நான் சொல்லப் போவதில்லை.

இந்தியாவுக்கு அந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது. 2023-இல் உலகம் முழுக்கப் புதிதாக நிறுவிய தொழிற்சாலை ரோபோக்கள் சுமார் 5.4 லட்சம். அதில் பாதிக்கு மேல் சீனாவில் மட்டும். இந்தியாவில் சுமார் 8,500. நமக்கு அதுவே அதுவரை இல்லாத உச்சம், அதில் அதிகம் வாங்கியது கார் தொழில். தென்கொரியாவில் பத்தாயிரம் தொழிலாளிக்கு ஆயிரம் ரோபோ என்ற நிலை. காரணம் மூளை இல்லை, கணக்கு. சாமானைப் பிடித்து வைக்கும் ஃபிக்சர், வேலி, வெல்டிங்குக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சோர்ஸ் எல்லாம் சேர்த்து ஒரு வெல்டிங் செல் போட சில பத்து லட்சம் ஆகும். காண்ட்ராக்டில் எடுக்கும் ஆளுக்கு இங்கே தருகிற சம்பளத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், முதலாளி பல இடங்களில் ஆளையே வைத்துக்கொள்கிறார். ரோபோ வராதது எல்லாம் தொழிலாளிக்கு நல்லது என்றும் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். பாதாளச் சாக்கடையைப் பாருங்கள். முதலில் ரோபோ போயிருக்க வேண்டிய இடம் அது. பாதுகாப்பு உபகரணம் இல்லாமல் மனுஷனை இறக்கக் கூடாது என்று 2013-இலேயே சட்டம் வந்துவிட்டது. கேரளத்து இளைஞர்கள் தொடங்கிய ஜென்ரோபோட்டிக்ஸ் கம்பெனி 'பேண்டிகூட்' என்ற இயந்திரத்தைச் செய்து 2018-இல் திருவனந்தபுரத்தில் இறக்கியது. மேலே நின்று திரையைப் பார்த்து ஆள் இயக்குவார், இயந்திரக் கை உள்ளே போய் அள்ளிக்கொண்டு வரும். இன்னமும் விஷவாயு தாக்கிச் செத்தவர்களைப் பற்றிச் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. உயிர் மலிவாக இருக்கும் இடத்துக்கு ரோபோ தாமதமாகத்தான் வரும். கார் கதவு ஒட்டுவதில் காட்டிய அவசரத்தை இதில் யாரும் காட்டவில்லை என்பதில் எனக்குத் தீராத எரிச்சல்.

பணம் இருந்தாலும் எல்லா இடத்துக்கும் அதைக் கொண்டுபோக முடிவதில்லை. கார் பாடி வெல்டிங், பெயின்ட் இரண்டும் ரோபோ மயம். அதே காருக்குள் ஒயர் இழுத்து மாட்டுவது, கார்பெட், டேஷ்போர்டு பொருத்துவது எல்லாம் இன்றும் பெரும்பாலும் மனுஷக் கைதான். ஒயர் துவளும், ரப்பர் நெளியும். ஒரு பொருள் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி கிடந்தால் ரோபோவுக்குக் கை உதறும். டெஸ்லா கம்பெனி மாடல் 3 காருக்கு மிதமிஞ்சி ரோபோக்களைப் போட்டுப் பார்த்துத் திணறி, 2018-இல் எலான் மஸ்க்கே அளவுக்கு மீறி ஆட்டோமேஷன் செய்தது தன் தப்பு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

இதையெல்லாம் வைத்து உங்கள் பையனுக்கு வருகிறேன். இதுவரை சொன்னதில் உறுதியானது: ஒரே சாமான், ஒரே இடம், பெரிய எண்ணிக்கை என்றால் அங்கே கையால் வெல்டிங் செய்யும் வேலை குறையும், திரும்பாது. ஃபேக்டரிக்குள் நாள் முழுக்க ஒரே பிராக்கெட்டை அடிக்கும் வேலையை நம்பி அவன் வரக் கூடாது. அதே அளவு உறுதி: சாமான் நகராமல் வெல்டர்தான் அதைத் தேடிப் போகிற இடத்தில் வேலை இருக்கிறது. பாய்லர், பைப் லைன், கப்பல், பாலம், கட்டட ஸ்டீல், பழுது வேலை. திருச்சியில் பிஹெச்இஎல் பாய்லர் ஆலையும் அதைச் சுற்றி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகளும் இந்த மாதிரி வெல்டர்களை உருவாக்கிய இடங்கள். அங்கேயும் நீளமான பேனல்களை இயந்திரம்தான் ஒட்டுகிறது. ஆனால் சாய்ந்த நிலையில் நிற்கும் குழாயைச் சுற்றி டிக்கில் ரூட், அதாவது அடியில் போடும் முதல் வெல்டைப் போட்டு, எக்ஸ்ரேயில் குறை இல்லாமல் எடுக்கத் தெரிந்தவனுக்கு இன்றும் மரியாதை தனி. குழாய் வெல்டிங்கில் 6ஜி டெஸ்ட் என்று சொல்வார்கள். அதைத் தாண்டியவன் வளைகுடாவுக்குப் போனாலும் கையில் தொழில் இருக்கும்.

சந்தேகத்துக்கு உரியது எது என்றால், கேமராவும் புது மென்பொருளும் சேர்ந்து இந்தத் தேடிப்போகும் வேலையையும் ரோபோவுக்குக் கற்றுக் கொடுத்துவிடுமா என்பது. வேலி இல்லாமல் ஆளுக்குப் பக்கத்திலேயே நிற்கும் கோபாட் வந்துவிட்டது. 2008-இல் டென்மார்க்கில் முதலில் விற்றார்கள். இப்போது சின்னப் பட்டறைகளிலும் டார்ச் மாட்டிப் பார்க்கிறார்கள். கையால் பிடித்து நகர்த்தியே சொல்லிக் கொடுக்கலாம். பத்து வருடத்தில் சாதாரணப் பட்டறை வேலையில் ஒரு பங்கை இது எடுத்துக்கொள்ளும் என்பது என் ஊகம், ஊகம் மட்டும்தான். பாய்லர் குழாய்க்கு இடையில், கண்ணுக்கு எட்டாத பக்கத்தை முகக் கண்ணாடியில் பார்த்து அடிக்கும் வேலைக்கு அது என் சர்வீஸ் முடிவதற்குள் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அவன் சர்வீஸ் இன்னும் நாற்பது வருடம். அவ்வளவு தூரத்துக்கு என் கண் எட்டாது.

கடைசியாக அந்த மூன்று மாத கோர்ஸ். இப்போது வேண்டாம். வெல்டர் டிரேடு ஒரு வருடம்தான், அதை ஒழுங்காக முடிக்கட்டும். வெல்டு தெரியாத ஆள் பென்டன்ட் பிடித்தால் ரோபோ தப்பான வெல்டை அழகாகப் போடும், அவ்வளவுதான். முடித்த பிறகு அப்ரன்டிஸாக எங்கே போகிறான் என்று பார்த்துவிட்டு ரோபோ பக்கம் திரும்பலாம். கொஞ்சம் எலெக்ட்ரிகல், சென்சார், மெஷினைக் கட்டுப்படுத்தும் சின்னக் கம்ப்யூட்டரான பிஎல்சி என்னவென்று தெரிந்துகொண்டால் மெயின்டனன்ஸ் பக்கமும் கதவு திறக்கும். தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐக்களை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து புதுப்பித்திருக்கிறார்கள், அங்கே ரோபோவும் பாடத்தில் வருகிறது. தனியாரிடம் பணம் கட்டும் முன் பக்கத்தில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஃபனுக், யாஸ்காவா, ஏபிபி, கூகா என்று ஆளுக்கொரு பாஷை வைத்திருக்கிறார்கள். ஒன்று நன்றாகத் தெரிந்தால் இன்னொன்று இரண்டு மூன்று வாரத்தில் பிடிபடும், அதனால் எந்தக் கம்பெனி ரோபோ என்பதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

தனியார் கோர்ஸ்தான் என்று முடிவானால், பையனையே கூட்டிக்கொண்டு நேரில் போய் மூன்று விஷயம் கேளுங்கள். ரோபோ நிஜமாக இருக்கிறதா, கம்ப்யூட்டர் திரையில் மட்டுமா. ஒரு ரோபோவுக்கு எத்தனை பேர், ஒரு ஆள் கையில் பென்டன்ட் மொத்தம் எத்தனை மணி நேரம் இருக்கும். அதில் வெல்டிங் பவர் சோர்ஸ் மாட்டி நிஜமாகவே ஆர்க் அடிக்கிறார்களா, இல்லை பேனாவைக் கட்டிப் படம் வரைகிறார்களா. மூன்றாவதுக்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.